வீட்டுக்கு ஒரு வீடியோ கேமரா: கொங்கு நாட்டில் ஒரு சின்ன வரலாறு

ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 1990-களில் கல்யாணம் நடந்த வீடுகளில் பீரோவின் அடித்தட்டைத் துழாவினால் ஒரு கறுப்பு கேசட் அகப்படும். முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் மணமகன், மணமகள் பெயர், முகூர்த்தத் தேதி, ஓரத்தில் ஸ்டுடியோ பெயர். உள்ளே மூன்று மணி நேரப் படம். அதில் வருகிறவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. பந்தியில் நின்று "இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அப்புச்சி அதற்குள்தான் இருக்கிறார். ஆனால் போட்டுப் பார்க்க வீட்டில் டெக் இல்லை. கடையிலும் இல்லை. உலகத்திலேயே கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு கையை விரித்துவிட்டது. அதே வருடம் மார்ச்சில் சோனி பீட்டாமேக்ஸ் கேசட்டுகளை நிறுத்தியிருந்தது.

"வீட்டுக்கு எந்தக் கேமரா வாங்கலாம்?" என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. விலை என்ன, எடை என்ன, ஜூம் எத்தனை என்று ஒவ்வொரு காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து இதைப் போட்டுப் பார்க்க முடியுமா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

கோயமுத்தூருக்கும் சினிமாவுக்கும் இருக்கும் உறவு பழையது. ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் போனதும், 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியதும் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் அது காட்டுகிறவர் கதை. சொந்த ஆசைக்காகக் கேமராவைக் கையில் எடுத்தவர் என்றால் ஜி.டி. நாயுடுவைச் சொல்ல வேண்டும். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டியவர். பிறகு அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆனது. அவர் வெளிநாடு போகும்போதெல்லாம் கேமராவும் கூடப் போனது. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கையாலேயே படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரும் அவர் கேமராவுக்குள் வந்திருக்கிறார்கள்.

அவர் செய்த கருவிகளின் பட்டியலில் சவரக் கத்தி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். அதே பட்டியலில் சினிமா கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றும் உண்டு. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் எதிரே நிற்பவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று குத்துமதிப்பாகப் பார்த்து லென்ஸைத் திருப்ப வேண்டும். கணக்குத் தப்பினால் முகம் மங்கிவிடும். ஃபிலிம் கழுவி வரும்வரை அது தெரியவும் தெரியாது. வாங்கிய கேமராவின் குறையை ஏற்றுக்கொண்டு போகிற ஆள் அல்ல அவர். (2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ் ஓட்டியவருக்குப் பொருத்தமான மரியாதைதான்.)

நாயுடு காலத்தில் வீட்டுக்காரர் ஒருவர் படம் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் கோடக். 1923-ல் அந்தக் கம்பெனி 16 எம்.எம். ஃபிலிமையும் அதற்கான கேமராவையும் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த 35 எம்.எம். நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பற்றும். புதிய ஃபிலிம் அப்படிப் பற்றாது. அதோடு, கேமராவில் ஓடிய அதே சுருளைக் கழுவி அப்படியே திரையில் ஓட்டலாம். தனியாகப் பிரதி எடுக்க வேண்டாம். இருந்தாலும் செலவு செலவுதான். 100 அடி ஃபிலிமில் 4,000 படங்கள். நொடிக்கு 16 படம் என்றால் 4 நிமிடம் 10 நொடியில் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை அப்படி எடுக்க வேண்டுமென்றால் 43 சுருளுக்கு மேல் வேண்டும்! 1932-ல் வந்த 8 எம்.எம். அதே நான்கு நிமிடத்தை 25 அடியில் அடக்கியது. 1965-ல் வந்த சூப்பர் 8-ல் கேசட் மாதிரி ஒரு பெட்டியைச் சொருகினால் போதும், 3 நிமிடம் 20 நொடி. மில் முதலாளி, எஸ்டேட் துரை, பெரிய டாக்டர் தவிர மற்றவர்கள் இதைத் தொட முடியாததில் ஆச்சரியமில்லை.

வீடியோ வந்தபோதுதான் கணக்கு மாறியது. நாடாவை அழித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். கழுவ அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. டெக்குகளும் பின்னாலேயே வந்தன. டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. 1983-ல் சோனி பீட்டாமூவி என்று ஒரு கேமராவை வெளியிட்டது. கேமராவும் ரிக்கார்டரும் ஒரே உடம்பில் இருந்த முதல் வீட்டுச் சாதனம். அதற்கு முன் கேமரா ஒரு கையில், ரிக்கார்டர் தோளில் தொங்கும். ஆனால் பீட்டாமூவி பதிவு மட்டும்தான் செய்யும். எடுத்ததை அதிலேயே ஓட்டிப் பார்க்க முடியாது. 1984-ல் ஜே.வி.சி. சிறிய வி.எச்.எஸ்.-சி கேசட்டில் இயங்கும் ஜி.ஆர்-சி1 கேமராவைக் கொண்டுவந்தது. 1985-ல் வெளிவந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் வரும் கேமரா அதுதான்.

அப்போது இந்தியாவில் ஒருவர் வீட்டுக்கு வீடியோ கேமரா வாங்க நினைத்தால் கடைக்குப் போக மாட்டார். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சொந்தக்காரரைப் பிடிப்பார். இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். காரணம் சுங்க வரி. 1991 ஜூலை பட்ஜெட்டில் அதிகபட்ச வரியை 150 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகே 150! அடுத்தடுத்த பட்ஜெட்களில் 110, 85, 65 என்று இறங்கி 1995-ல் 50-க்கு வந்தது. ஒரு கணக்குக்கு, துறைமுகத்தில் 20,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் 150 சதவீத வரியில் 50,000 ஆகும். 50 சதவீதத்தில் 30,000. மற்ற வரிகள் தனி. கடத்தல் சரக்கு எப்படி விற்றது என்பதற்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அதில் பில் கிடையாது, வாரன்டி கிடையாது. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தும் பில் இல்லாத பொருளுக்கு எங்கே போய் முறையிடுவது?

இன்னொரு பொறியும் இருந்தது. இந்தியாவில் பின்பற்றியது பால் முறை: 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி.: 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த கேமரா பிரச்சினை இல்லாமல் ஓடியது. அமெரிக்காவில் இருக்கும் பையன் ஆசையாக வாங்கி வந்த கேமராவில் எடுத்த கேசட்டை வீட்டு டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டு ஓடியது. "மல்டி சிஸ்டம்" என்று பெட்டியில் எழுதிய டி.வி.க்கு அந்தக் காலத்தில் இருந்த மவுசுக்கு இதுதான் காரணம்.

ஆகவே பெரும்பாலான வீடுகள் கேமரா வாங்கவே இல்லை. கேமரா வைத்திருந்தவரை வாங்கின, ஒரு நாளைக்கு. கல்யாண வீடியோக்காரர் என்ற தொழில் அப்படித்தான் ஊருக்கு ஊர் முளைத்தது. பானாசோனிக் எம்-3000, எம்-9000 போன்ற தோளில் வைக்கும் கேமராக்கள் அந்தத் தொழிலின் அடையாளமாகவே ஆகிவிட்டன. வீட்டு உபயோகத்துக்கென்று செய்த கேமரா இங்கே தொழில் கேமரா ஆனது ஒரு வேடிக்கை. முழு அளவு வி.எச்.எஸ். கேசட்டை அப்படியே சொருகலாம் என்பதுதான் அதன் பலம். இ-180 கேசட் ஒன்றில் மூன்று மணி நேரம். கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் வந்து சீர்களைத் தொடங்கினால் சீக்கிரம் முடியாது. இணைச்சீர் ஒரு பக்கம், மங்கல வாழ்த்து இன்னொரு பக்கம். நடுவில் கேசட் மாற்ற நின்றால் வீட்டுப் பெரியவர்கள் விடுவார்களா? வி.எச்.எஸ்.-சி கேசட்டில் அரை மணி நேரம்தான். சின்னக் கேமரா எத்தனை அழகாக இருந்தாலும் இங்கே தோற்றுப்போனது இந்த இடத்தில்.

குறையும் நிறைய. வெளிச்சம் போதாது, எனவே ஆயிரம் வாட் விளக்கு. ஒருவர் அதைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஒயரை இழுத்துக்கொண்டு பின்னால் ஓட, மணமேடையில் இருப்பவர்கள் வியர்வையில் நனைந்து கண்ணைச் சுருக்கினார்கள். "ஏனுங் தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்" என்ற குரல் எத்தனை கேசட்டில் பதிவாகியிருக்கிறதோ! வி.எச்.எஸ். படத்தின் தெளிவு ஏறத்தாழ 240 கோடு. ஒரு பிரதி எடுத்தால் இன்னும் மங்கும். எடிட்டிங் என்றாலே பிரதி எடுப்பதுதான் என்பதால், இதயத்துக்குள் மணமக்கள், ரோஜாவுக்குள் மாப்பிள்ளை என்று மிக்ஸிங் செய்து வீட்டுக்கு வந்தது எப்போதும் இரண்டாம் தலைமுறைப் படம். மிக்ஸிங் இல்லாத மூலக் கேசட்டைக் கேட்டு வாங்கியவர்கள் புத்திசாலிகள்.

உலகத்தில் இதற்குள் கேமரா சுருங்கிக்கொண்டே போனது. 1985-ல் சோனி 8 எம்.எம். வீடியோ கேசட்டோடு ஹேண்டிகேம் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. 1989-ல் வந்த டி.ஆர்-55 எடை 790 கிராம்தான். அந்தக் கேசட்டில் பால் முறையில் 90 நிமிடம் எடுக்கலாம். 1994-ல் சோனி இந்தியாவில் சொந்தமாகக் கிளை தொடங்கியது; வரியும் இறங்கியது; "வீட்டுக்கு ஒரு ஹேண்டிகேம்" என்ற ஆசை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. 1995-ல் மினி டி.வி. என்ற டிஜிட்டல் கேசட் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் இறக்கினாலும் தரம் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. இடம் கேட்கும் என்பது வேறு விஷயம். 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கே பெரிது என்றிருந்த வீட்டில் ஒரு கல்யாணத்தை ஏற்றினால் விண்டோஸுக்கு இடமிருக்காது!

2000-க்குப் பின் கடைக்குப் போனவர்களைக் கவிழ்த்தது ஸ்டிக்கர். கேமராவின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 800 மடங்கு ஜூம் என்று இருக்கும். உண்மையான ஆப்டிகல் ஜூம் 20 மடங்கு. மிச்சமெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் வித்தை. டாப்ஸ்லிப் போய்க் கோழிகமுத்தி முகாமில் யானையைத் தூரத்திலிருந்து எடுத்து வந்து டி.வி.யில் பார்த்தவர்களுக்குச் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. இதைவிட முக்கியமான ஒன்றை ஸ்டிக்கரில் போடவே இல்லை. அது மைக் சொருகும் துளை. பாலக்காட்டுக் கணவாயில் உட்கார்ந்திருக்கும் ஆனைமலைப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேமராவிலேயே பதித்த மைக்கில் அந்தக் காற்று மட்டும்தான் கேட்கும். மைக் துளை இருந்தால் முந்நூறு, நானூறு ரூபாய் காலர் மைக் ஒன்றைப் பாட்டியின் சேலையில் குத்தி ஊர்க்கதையெல்லாம் பதிவு செய்திருக்கலாம். விலை குறைந்த மாடல்களில் முதலில் வெட்டப்பட்டது அந்தத் துளைதான். படம் கொஞ்சம் மங்கினாலும் முகத்தை அடையாளம் தெரியும். குரல் போனால் போனதுதான்.

அளவுக்கும் ஒரு மரியாதை உண்டு. கைக்கு அடக்கமான கேமராவோடு கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரரை யாரும் மதிப்பதில்லை. கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. 2007-ல் சோனி வெளியிட்ட எச்.டி-1000 தோளில் வைக்கும் பெரிய கேமரா; உள்ளே இருந்த சென்சாரோ கைக்கேமராவில் இருக்கும் அளவுதான். வெளி உடம்பில் பாதி காலி இடம் என்று கிண்டல் செய்யலாம், ஆனால் அது நன்றாக விற்றது.

கேசட்டே வேண்டாம் என்று வந்த சில வழிகள் கேசட்டைவிட மோசம். 2000-ல் ஹிட்டாச்சி தொடங்கிவைத்த டி.வி.டி. கேமரா அதில் ஒன்று. 8 செ.மீ. குறுந்தட்டு, 1.4 ஜி.பி., நல்ல தரத்தில் சுமார் 20 நிமிடம். எடுத்து முடித்ததும் "ஃபைனலைஸ்" செய்யாவிட்டால் பெரும்பாலான பிளேயர்களில் ஓடாது. அதைச் செய்யாமல் வைத்து, கேமராவும் பழுதாகி, தட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திண்டாடியவர்கள் உண்டு. 2004-ல் ஜே.வி.சி. எவரியோ வழியாக ஹார்ட் டிஸ்க் கேமரா வந்தது. வசதிதான். ஆனால் டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. கேசட் என்றால் ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

பிறகு நடந்தது மிக வேகம். 2007-ல் ஃபிளிப் என்ற சட்டைப்பை கேமரா அமெரிக்காவில் வந்தது. 2009-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை 59 கோடி டாலருக்கு வாங்கி, 2011-ல் இழுத்து மூடியது. நோக்கியா என்95 மாதிரி போன்களே சுமாரான வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தன. 2008-ல் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 வந்ததும் ஸ்டுடியோக்காரர்கள் டி.எஸ்.எல்.ஆர். பக்கம் சாய்ந்தார்கள். அந்த வகைக் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். தொழில்நுட்பக் கோளாறு என்று பலர் நினைத்தார்கள். முக்கியக் காரணம் வரி: அரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது வீடியோ கேமரா வகைக்குள் போய்ச் சுங்க வரி கட்ட வேண்டியிருந்தது. இந்தியாவில் சரக்கு சேவை வரி வந்தபோது வீடியோ கேமராவுக்கு 28 சதவீதம். 2019 ஜனவரி 1 முதல் 18. ஆனால் அதற்குள் வீட்டுக்கு வீடியோ கேமரா தேடிக் கடைக்குப் போகிற கூட்டமே போன் கடைக்குப் போய்விட்டது.

இப்போது அந்தப் பீரோக் கேசட். வி.எச்.எஸ்., 8 எம்.எம்., மினி டி.வி. எல்லாமே பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகளைப் பூசியோ படியவைத்தோ செய்தவை. வருடங்கள் போகப் போகப் பூச்சு தளரும், காந்தம் வலுவிழக்கும். நாடு முழுக்க இது பொது. வால்பாறைப் பக்கம் கூடுதலாகப் பூஞ்சை. சின்னக்கல்லாறு மாதிரி தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்கள் உள்ள மலையில் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பது தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே இன்று ஒரு வீட்டுக்கு எந்த வீடியோ கேமரா வாங்கலாம் என்றால், சில வீடுகளுக்குச் சரியான பதில் ஒரு பழைய கேமரா. பீரோவில் இருப்பது 8 எம்.எம்., ஹை 8 கேசட் என்றால் 1999-ல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல் 8 ஹேண்டிகேம் ஒன்றைப் பழைய பொருள் விற்கும் இடங்களில் தேடலாம். அதன் பல மாடல்கள் பழைய அனலாக் கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியாக டிஜிட்டலாகவே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பிற்கால மலிவு மாடல்கள் சிலவற்றில் இந்த வசதி இல்லை. காசு கொடுக்குமுன் ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது. கம்ப்யூட்டரும் பழசாக இருப்பதே மேல். 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். டஹோவில் ஆப்பிள் ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. வி.எச்.எஸ். என்றால் ஓடுகிற டெக் வைத்திருக்கும் ஸ்டுடியோவைத்தான் தேட வேண்டும். அப்படி வைத்திருப்பவர்களும் பழுதான டெக்குகளிலிருந்து பாகம் கழற்றித்தான் சமாளிக்கிறார்கள்.

கேசட்டைக் கொடுக்குமுன் முதுகின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைக்காமல் விட்ட கேசட்டின் மேல்தான் பல வீடுகளில் கிரிக்கெட் மேட்சும் பொங்கல் சிறப்புப் படமும் ஏறின. அப்புச்சி பந்தியில் நிற்கும் இடம் ஏறத்தாழ எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதை ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி, அந்த இடத்தை முதலில் பதிவு செய்யச் சொல்லலாம். முப்பது வருட நாடா முதல் முறை முழுக்க ஓடும் என்றோ, இரண்டாம் முறை ஓடும் என்றோ எந்த ஸ்டுடியோவும் உறுதி தருவதில்லை.